சீனத்துப் பின்னல்

சீன ஆடவரின் நீண்ட பின்னலை அந்நாட்டின் தொன்மரபெனக் கருதுவோர் பலர். உண்மையில் அது வென்றோர் இட்ட முத்திரையாகும். 1644இல் பீக்கிங்கைக் கைப்பற்றிய மஞ்சு இனத்தார், முன்தலையை மழித்துப் பின்மயிரைப் பின்னிவிடுமாறு ஹான் ஆடவருக்கு 1645இல் ஆணையிட்டனர், மறுத்தோருக்கு மரணதண்டனை. பெற்றோர் தந்த உடலைச் சிதைத்தலாகாது என்னும் கன்பூசிய நெறியில் ஊறியோர்க்கு மழித்தலே பேரிழிவாயிற்று. ஜியாங்யின் நகரத்தார் ஏறத்தாழ 80 நாட்கள் எதிர்த்து நின்று மாண்டனர். பெண்டிரின் கூந்தலை இவ்வாணை தீண்டவில்லை. அஞ்சத்தக்கவர் ஆடவரே என ஆட்சியாளர் எண்ணினர் போலும்!

1912இல் அமைந்த குடியரசு பின்னலைத் துறக்குமாறு பணித்தபோதோ, முன்னோர் வழக்கமென்று அதனைக் காக்க முயன்றோர் ஹான் மக்களுள்ளேயே இருந்தனர். 1917இல் பின்னல் தரித்த படையுடன் பேரரசை மீண்டும் நிறுவிய தளபதி சாங் சுன்னும் ஹான் இனத்தவரே. அவ்வாட்சி 12 நாட்களே நிலைத்தது.