கடிவாளமும் கைட் கயிறும்

கற்பிட்டிக் குடாநாட்டில் குதிரையைவிடக் கழுதைதான் அதிகம் கண்ணில் படும். இந்தக் கரையில் இன்று சவாரி என்றால் கைட் சவாரிதான். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்றிலும், டிசம்பர் முதல் மார்ச் வரை மறுபக்கக் காற்றிலும் கப்பலடி, கண்டக்குளி, குடாவ பக்கங்களில் வானம் முழுக்க வண்ணத் துணிகள் பறக்கின்றன. குதிரை ஏற விரும்புகிறவர் நுவரெலியா போன்ற இடத்துக்குப் போக வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். லண்டனிலோ டொரன்டோவிலோ பிள்ளைகளைக் குதிரையேற்றப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர் குடும்பங்கள், விடுமுறைக்குக் கற்பிட்டி வந்ததும் அதே பிள்ளைகளைக் கைட்டில் ஏற்றிவிடுகின்றன. இரண்டும் சாகச விளையாட்டுத்தானே, ஒரே காப்புறுதி போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

குதிரைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. பள்ளி உண்டு, பயிற்றுநர் உண்டு. ஏதாவது நடந்தால் பொறுப்பு இவர்களுக்குள் பங்கிடப்படும். கைட்டின் பிடி யார் கையில் இருக்கிறதோ, அவருடையதே பெரும்பாலான பொறுப்பு. எந்தக் காப்புறுதியை முதலில் வாங்குவது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

குதிரையின் பக்கத்தை முதலில் பார்ப்போம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரோடு வந்தது அது. வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து பிறருக்குத் தீங்கு செய்தால், சொந்தக்காரர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்ற பழைய உரோமக் கொள்கை அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் ஏறத்தாழ அந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. 2003இல் அங்கே பிரபுக்கள் சபை அளித்த ஒரு தீர்ப்பு குதிரை வைத்திருப்போரை உலுக்கிவிட்டது. இரவில் எதையோ கண்டு மிரண்ட குதிரைகள் வேலியை உடைத்துக்கொண்டு பெருந்தெருவுக்கு ஓடி ஒரு காரில் மோதின. காரோட்டி பலத்த காயமடைந்தார். வேலியில் குறை சொல்ல முடியவில்லை, சொந்தக்காரர்கள் மீது கவனக்குறைவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் நட்டஈடு அவர்கள் தலையில்தான் விழுந்தது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் தங்க உறுப்புரிமையில் மூன்றாம் தரப்புப் பொறுப்பும் தனிநபர் விபத்துக் காப்புறுதியும் சேர்ந்தே வருவதை வெறும் விளம்பரச் சலுகை என்று தள்ளிவிட முடியாது.

இதே விபத்தைக் கற்பிட்டிக்குக் கொண்டுவாருங்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வீதியில் இரவில் கழுதை குறுக்கே வந்து ஓட்டோ கவிழ்கிறது. கழுதைக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆகவே யார்மீதும் வழக்குப் போட முடியாது. சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டி, அதாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உங்கள் ஓட்டோவின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருந்தால்தான் தப்பலாம். தேர்ட் பார்ட்டிக்கும் ஃபுல்லுக்கும் உள்ள இந்த வித்தியாசம் புத்தளத்து ஓட்டோக்காரர் எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. குதிரைக்கும் கைட்டுக்கும் காப்புறுதி எடுப்பவர் அதைத்தான் மறந்துவிடுகிறார்.

புதிதாகக் குதிரை ஏறுபவருக்கு மூன்றாம் தரப்புக் கவலை குறைவு. குதிரை பள்ளியுடையது. பக்கத்தில் நின்றவரை உதைத்தால் பள்ளியின் காப்புறுதிதான் முதலில் பேச வேண்டும். ஆனால் அவரே விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டால் நிலைமை வேறு. பள்ளியின் பொறுப்புக் காப்புறுதி, பள்ளிக்குச் சட்டப் பொறுப்பு இருந்தால் மட்டுமே பணம் தரும். நல்ல குதிரை, நல்ல பயிற்றுநர், சரியான சேணம், அப்படியிருந்தும் விழுந்தீர்கள் என்றால், ஆபத்து தெரிந்தே ஏறினீர்கள் என்றுதான் பதில் வரும். எனவே அவர் முதலில் வாங்க வேண்டியது தனிநபர் விபத்துக் காப்புறுதி. தலைக்கவசம் அணியாமல் ஏறினால் பணம் கிடையாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கைட். கயிறுகள் இருபது மீற்றருக்கு மேல் நீளம். காற்று வீசும் திசையில் அந்தத் தூரத்துக்குள் நிற்கும் எவரும் ஆபத்து வட்டத்துக்குள்தான் நிற்கிறார். கற்பிட்டிக் களப்பில் அப்படி நிற்பவர் யார்? வலை சீர்செய்யும் மீனவர், கரையில் ஏற்றிய ஃபைபர் படகு, கருவாடு காயப்போடும் பெண்கள். கயிறு வலையில் சிக்கி வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் தொழில் அன்றோடு நிற்கும். கைட் பள்ளி உங்களிடம் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவம் உங்களுக்கும் பள்ளிக்கும் இடையிலான உடன்பாடு. அந்தப் படிவத்தில் மீனவர் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய நட்டத்தை அதைக் காட்டித் துறந்துவிட முடியாது.

விந்தை என்னவென்றால், கைட்காரர்கள் பொதுவாகக் கையோடு கொண்டுவருவது பயணக் காப்புறுதி. அது மருத்துவம், விமானம், பயணப் பெட்டி பற்றி நிறையப் பேசும். கைட் சவாரியைப் பல பத்திரங்கள் விலக்கி வைத்திருக்கும், அல்லது கூடுதல் கட்டணத்துக்கே சேர்க்கும். சேர்த்தாலும் சேருவது மருத்துவச் செலவுதான், பிறருக்கு நேரும் தீங்கு சேராமல் போகலாம். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்ற வரம்பும் சில பத்திரங்களில் உண்டு. களப்பை விட்டுத் தீவுகளின் ஓரமாகக் காற்றோடு நெடுந்தூரம் போவதுதான் கற்பிட்டியின் பெரிய ஈர்ப்பு. அந்தப் பயணமே வரம்புக்கு வெளியே விழுந்துவிடக்கூடும். பாவனையில் இருக்கும்போது கிழிந்த கைட்டுக்குப் பணம் இல்லை என்ற வரியையும் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பிரிட்டனிலும் பிரான்சிலும் கைட் விளையாட்டு அமைப்புகள் உறுப்புரிமையோடு மூன்றாம் தரப்புக் காப்புறுதி தருகின்றன. இலங்கையிலும் அது செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கி வர வேண்டும்.

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவரின் கதை வேறு. குதிரை மாறவில்லை, மாறியது அவர் உடல். இருபது வயதில் வேலி தாண்டியவர் நாற்பத்தைந்தில் முதுகுவலிக்கு மருந்து எடுக்கிறார், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறார். முன்மொழிவுப் படிவத்தில் இதை எழுதாமல் விட்டால், விழுந்த பிறகு நிறுவனம் முதலில் தோண்டி எடுப்பது அதைத்தான். காப்புறுதி ஒப்பந்தத்தில் தெரிந்ததை மறைக்கக் கூடாது. கட்டுப்பணம் சற்றுக் கூடினாலும் எழுதிவிடுவது மலிவு.

கைட்டிலோ உடலோடு கருவியும் மாறிவிட்டது. பிரான்சின் லெகென்யூ சகோதரர்கள் காற்றடைத்த கைட்டுக்கு உரிமம் கோரியது 1984இல். இரண்டாயிரங்களின் நடுவில் வந்த வில் வடிவக் கைட்டுகள் இழுவிசையைப் பெருமளவு உடனே குறைக்க விட்டன. அவசரமாகக் கழற்றிவிடும் பொறிக்குச் சர்வதேசத் தரம் வந்ததே 2020இல். அலுமாரியில் பதினைந்து வருடம் கிடந்த கைட்டோடு திரும்பி வருகிறவர் அந்தக் காலத்து ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார். அவரது பழைய சங்க உறுப்புரிமை காலாவதியாகியிருந்தால் காப்புறுதியும் அதோடு போய்விட்டது. என் கணிப்பில், புதியவரைவிடத் திரும்பி வருபவரே இங்கே கூடுதல் ஆபத்தானவர். புதியவர் பயிற்றுநரின் கண்ணெதிரே இருக்கிறார். இவரோ தனக்குத் தெரியும் என்று தனியே போகிறார்.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரச மருத்துவமனையில் நம் மக்களுக்குச் சிகிச்சை இலவசம், 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குத் தனியார் மருத்துவமனைச் செலவும் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் செலவும்தான் பெரிது. கற்பிட்டியிலிருந்து கொழும்பே நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல்.

இந்த ஒப்பீட்டில் யாரும் எண்ணிப்பார்க்காத ஒருவர் இருக்கிறார். கண்டக்குளியிலோ ஆலங்குடாவிலோ பிறந்து, மீன்பிடியிலிருந்து கைட் பயிற்றுநராக மாறிய இளைஞர். கால் முறிந்தால் அவருக்கு வைத்தியச் செலவு இல்லை. ஆனால் காற்றுக்காலம் முழுதும் வருமானம் இல்லை. அவருக்கு வேண்டியது வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தற்காலிக இயலாமைக் காப்புறுதி. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில் தருநர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது, அதற்கான காப்புறுதியையும் நிறுவனங்கள் விற்கின்றன. நாட்கூலிக்கு, எழுத்தில் எதுவும் இல்லாமல் வேலை செய்யும் பயிற்றுநருக்குத் தான் வேலையாளர் என்று நிரூபிப்பதே முதல் போராட்டம். லாயத்தில் குதிரை பிடிக்கும் உதவியாளருக்கும் இதே கதிதான்.

ஆகவே கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், குதிரை ஏறப் புதிதாகப் போகிறவர் தனக்கான விபத்துக் காப்புறுதியை வாங்கட்டும். சொந்தக் குதிரை வாங்கிய நாளிலிருந்து மூன்றாம் தரப்பை முன்னே வைக்கட்டும். கைட் பிடிப்பவர், புதியவரானாலும் பழையவரானாலும், மூன்றாம் தரப்பை முதலிலும் தன் உடலை இரண்டாவதாகவும் கருவியைக் கடைசியிலும் வைக்கட்டும்.

கற்பிட்டியில் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மீனவரின் வலைக்கும் படகுக்கும் சேதம் வந்தால் எந்தப் பத்திரம் பணம் தரும்? எனக்குக் கற்றுத்தரும் தம்பிக்குக் காப்புறுதி உண்டா? பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். இலங்கை நிறுவனம் ஒன்று கோரிக்கையை நியாயமின்றி மறுத்தால், காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.