கதவடைத்த எஸ்தோனியா

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களின் இறுதியில், பால்டிக் கடலோரச் சிறுநாடாகிய எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் ஒரு வெண்கலச் சிலை பெயர்க்கப்பட்டது. 1947-இல் சோவியத் ஆட்சி நிறுவிய போர்வீரன் சிலை அது. அங்கு வாழும் ருஷ்ய மக்களுக்கு அஃது ஹிட்லரின் படையை வென்ற நினைவு. எஸ்தோனியருக்கோ அரை நூற்றாண்டு அடிமைத்தனத்தின் சின்னம். நகர நடுவிலிருந்து அதனைப் படைவீரர் இடுகாட்டிற்கு மாற்ற முற்பட்டபோது கலகம் மூண்டது. தெருக் கலகம் சில நாட்களில் அடங்கிற்று. அடங்காதது வேறொன்று.

அரசு அலுவலகங்கள், செய்தித்தாள்கள், வங்கிகள் ஆகியவற்றின் கணிப்பொறிகளை நோக்கி உலகின் பல மூலைகளிலிருந்தும் பொய் வேண்டுகோள்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. வாங்கும் எண்ணமில்லாத ஆயிரம் பேர் ஒரு கடை வாயிலை அடைத்து நின்றால், மெய்யாக வாங்க வந்தவர் உள்ளே நுழைவதெங்ஙனம்? ஏறத்தாழ மூன்று வாரம் இந்நிலை நீடித்தது. அவ்வாண்டு மார்ச்சில்தான், நாடாளுமன்றத் தேர்தலில் இணையவழி வாக்களிப்பை உலகில் முதன்முதலாக நடத்திக் காட்டியிருந்தது அந்நாடு!

அவர்கள் கண்ட உடனடி மருந்து, அயல்நாட்டுத் தொடர்பைத் துண்டிப்பதே. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்து வாயில்களைத் திறந்துவிட்ட நாடு, மூன்றே ஆண்டுகளில் தன் கதவைத் தானே அடைக்க நேர்ந்தது.

நாடுகளின் ஒன்றிப்பை ஆராய்வோர் எர்ன்ஸ்ட் ஹாஸை அறிவர். நாஜிகளின் ஜெர்மனியை விட்டு 1938-இல் குடும்பத்தோடு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தவர். நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்க ஆறு நாடுகள் 1951-இல் செய்த உடன்படிக்கையை ஆய்ந்து, 1958-இல் நூலொன்று வெளியிட்டார். ஒரு துறையில் கூடிய நாடுகள் அடுத்த துறையிலும் கூடும்படி இழுக்கப்படும் என்பது அவர் கருத்து. (1975-இல் அவரே அக்கொள்கை காலாவதியாகி வருகிறதென எழுதியது தனிக்கதை.)

தாலினில் அந்த இழுப்பு என்னாயிற்று? ஒருவரைத் தாக்கினால் அனைவரையும் தாக்கியதாகும் என்கிறது நேட்டோவின் ஐந்தாம் விதி. ஆனால் தாக்கியவன் யார்? எஸ்தோனியா மாஸ்கோவைச் சுட்டியது, மாஸ்கோ மறுத்தது. நீதிமன்றம் தண்டித்ததோ உள்நாட்டு மாணவர் ஒருவரை, அதுவும் அபராதத்தோடு. ஐந்தாம் விதி எழுப்பப்படவில்லை.

எனினும் 2008-இல் நேட்டோவின் இணையப் பாதுகாப்பு ஆய்வு மையம் அடிபட்ட தாலினிலேயே அமைந்தது. அதன் அழைப்பில் கூடிய சட்ட வல்லுநர் குழு ஆக்கிய கையேடு 2013-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, கணிப்பொறித் தாக்குதலும் ஐந்தாம் விதிக்குள் அடங்கக்கூடும் என நேட்டோ ஏற்றது. ஆதலின் ஹாஸ் கூறியது பாதி பலித்தது என்பேன்: நிலக்கரியில் ஆதாயம் இழுத்தது, இங்கே அச்சம் இழுத்தது. உயிர்ச்சேதமற்ற இவற்றைப் போர் என்பதே பிழை என்று தாமஸ் ரிட் வாதிட்டார். சொல்லளவில் அது சரியே. வங்கியின் கதவடைப்பைக் கண்டவர்க்கு அச்சொல்லாய்வு ஆறுதலாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் கணிப்பொறித் தாக்குதலுக்காக முதன்முதல் தடைகள் விதித்தது 2020 ஜூலையில். ஆறு பேரும் மூன்று அமைப்புகளும் அப்பட்டியலில் இருந்தன. தாலின் நிகழ்ச்சிக்காக அதில் சேர்க்கப்பட்டவர் எவருமில்லை.