நூற்றுக்கு நூறு போதுமா? ஆன்ட்டி வைரஸ் ஒப்பீட்டின் வரலாறு

பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனுக்குப் பாடம் முழுவதும் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா? அது கேள்வித்தாளைப் பொறுத்தது! ஆன்ட்டி வைரஸ் மென்பொருள்களை ஒப்பிட்ட வரலாறும் கேள்வித்தாள் மாறிக்கொண்டே வந்த வரலாறுதான்.

கைரேகைக் காலம்

ஐபிஎம் பிசி கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 'பிரெய்ன்'. 1986ல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் அம்ஜத், பாசித் என்ற இரு சகோதரர்கள் அதை எழுதினார்கள். ஃபிளாப்பி வழியாகவே அது நாடு நாடாகப் பரவியது. பின்னர் 1991ல் சென்னையில் ஜெ.கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்களின் குயிக் ஹீல் 1995ல் வந்தது.

அக்கால மென்பொருள்களின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு வைரஸிலும் அதற்கே உரிய ஒரு பைட் வரிசை இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பிலும் தேட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் பழைய குற்றவாளிகளின் கைரேகையை வைத்திருப்பது போல! இதற்கு 'சிக்னேச்சர்' என்று பெயர்.

ஆனால் 1990லேயே, தொற்றும்போதெல்லாம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் வந்துவிட்டன. கைரேகையே மாறினால் என்ன செய்வது? சந்தேகக் கோப்பை ஒரு போலிக் கணினிக்குள் ஓடவிட்டு வேடம் கலைகிறதா என்று பார்க்கும் 'எமுலேட்டர்' வந்தது. நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் 'ஹியூரிஸ்டிக்' முறையும் வந்தது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'டிடெக்ஷன் என்ஜின்'.

கேள்வித்தாள் மாறியது

ஆரம்பத்தில் "எங்கள் மென்பொருள் இத்தனை ஆயிரம் வைரஸ்களைப் பிடிக்கும்" என்பதுதான் விளம்பரம். சோதனை செய்தவர்களும் கையில் கிடைத்த கோப்புகளைக் குவித்து, யார் அதிகம் பிடிக்கிறார் என்று எண்ணினார்கள். அந்தக் குவியலில் ஓடவே ஓடாத குப்பைக் கோப்புகளும் இருந்தன. மதிப்பெண்ணுக்காகக் குப்பையையும் வைரஸ் என்று காட்ட வேண்டிய நிலை!

இதற்கு மாற்றாக, உண்மையில் மக்களிடையே பரவிக்கொண்டிருக்கும் வைரஸ்களை மட்டும் பட்டியலிடும் 'வைல்ட்லிஸ்ட்' 1993ல் தொடங்கியது. இங்கிலாந்தின் 'வைரஸ் புல்லட்டின்' இதழ் 1998ல் விபி100 விருதைக் கொண்டுவந்தது. அன்றைய விதிகள் இரண்டு. பட்டியலில் உள்ள எல்லா வைரஸையும் பிடிக்க வேண்டும். நல்ல கோப்பு ஒன்றைக்கூட வைரஸ் என்று சொல்லக் கூடாது.

ஆஸ்திரியாவின் 'ஏவி கம்பேரடிவ்ஸ்' இன்னொரு கேள்வி கேட்டது. மென்பொருளின் அப்டேட்டை ஒரு தேதியோடு நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வந்த வைரஸ்களைக் கொடுத்தார்கள். மனப்பாடம் எவ்வளவு, சொந்த அறிவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும் அல்லவா? கோப்பை நகலெடுக்கும்போதும் புரோகிராம்களைத் திறக்கும்போதும் கணினி எவ்வளவு மந்தமாகிறது என்பதையும் தனியாக அளந்தார்கள்.

பெயர் வேறாக இருந்தாலும் என்ஜின் ஒன்றாகவே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ருமேனியாவின் பிட்டிஃபென்டர் என்ஜினைப் பல நிறுவனங்கள் வாங்கித் தங்கள் பெயரில் விற்றன. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் விற்ற 'வைரஸ் செக்யூரிட்டி'க்குள் இருந்தது சென்னையின் கே7 என்ஜின்!

தப்பான ஆளைப் பிடித்தால்?

தவறான எச்சரிக்கை ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2010 ஏப்ரல் 21ஐ நினைவில் வைக்க வேண்டும். அன்று மெக்காஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற முக்கியமான கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகெங்கும் கணினிகள் நெட்வொர்க்கை இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. வைரஸ் வராமலே வைரஸ் வந்த பலன்! வேலியே பயிரை மேய்ந்த கதை.

தப்பிய ஆட்கள்

மறுபக்கமும் உண்டு. 2008 நவம்பரில் வெளிப்பட்ட 'கான்ஃபிக்கர்', நெட்வொர்க் வழியாக மட்டுமின்றி பென் டிரைவின் ஆட்டோரன் வழியாகவும் பரவக் கற்றுக்கொண்டது. சென்னையானாலும் ஆர்.கே.பேட்டையானாலும், ஒரே பென் டிரைவ் பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் போய் வந்தால் இதற்குப் போதும். இன்டர்நெட் இல்லாத கணினிக்குப் புதிய அப்டேட் வராது. சோதனைக் கூடத்தில் 99 சதவீதம் வாங்கிய என்ஜின்கூட, ஆறு மாதப் பழைய அப்டேட்டோடு இருந்தால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை.

2010 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே உலவிக்கொண்டிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியாவும் இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் வந்து சேர்ந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நச்சுநிரல் புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி பரவியது. நிலையம் முதலில் மறுத்தது. அக்டோபர் 30ல் இந்திய அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கணினியில்தான் தொற்று என்றும், உலை சார்ந்த முக்கிய நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது. 'டிடிராக்' எனப்படும் அந்த நிரலின் மாதிரியில் கூடங்குளத்தின் உள் நெட்வொர்க் பெயரே எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே ஓர் இடத்துக்காகத் தைக்கப்பட்ட சட்டை அது. எந்தச் சோதனைக் குவியலிலும் முன்கூட்டியே இருக்க வாய்ப்பில்லை. அங்கே பெரிய அரண், நெட்வொர்க்கைப் பிரித்து வைத்ததுதான்.

முடிவாக...

ஆன்ட்டி வைரஸ் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்ப்பவர்கள் சதவீதத்தோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதைக் கொடுத்துச் சோதித்தார்கள்? எத்தனை நல்ல கோப்புகளைத் தவறாகப் பிடித்தது? கணினியை எவ்வளவு மந்தமாக்கியது? 10,000 வைரஸில் 99.5 சதவீதம் பிடித்தால் மீதி 50 உள்ளே வந்துவிடும். அந்த ஐம்பதுக்கு மருந்து எந்த என்ஜினிலும் இல்லை. முக்கியமான கோப்புகளுக்குத் தனியாக ஒரு பேக்கப் எடுத்து வைப்பதில்தான் இருக்கிறது.