சாலைக் கடைத்தெருவும் பாலராமபுரத்துத் தறிகளும்: இறக்குமதியால் நேர்ந்த இழப்புக்கு ஈடு யார் பெயரில் வழங்கப்பட்டது?

(சற்று நீண்ட பதிவு. பொருளியல் வரலாறும் தொழிலாளர் வரலாறும் பயிலும் மாணவர்களை முன்னிட்டு எழுதியது.)

வெளிநாட்டுச் சரக்கின் வரவால் வேலை இழக்கும் தொழிலாளிக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது? இவ்வினாவுக்குச் சட்ட வடிவில் விடை சொன்ன முன்னோடி முயற்சிகளுள் முதன்மையானது, கென்னடி ஆட்சிக்காலத்தில் 1962இல் அமெரிக்கா இயற்றிய வணிக விரிவாக்கச் சட்டம். சுங்கவரிக் குறைப்பால் வேலை இழப்போர்க்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் உண்டு என்று அது கூறிற்று. அதன் நியாயம் எளிமையானது. மலிவான பொருளின் ஆதாயம் நாடெங்கும் பரவுகிறது. அதன் சுமையோ சில ஊர்களின் மீதும் சில தொழில்களின் மீதும் மட்டுமே இறங்குகிறது. ஆகவே ஆதாயத்தில் ஒரு பங்கு, சுமையைத் தாங்குவோர்க்குத் திரும்ப வேண்டும்.

இந்தியாவில் இதற்கு நிகரான தனிச்சட்டம் இல்லை. அதனால் ஈடு கொடுக்கும் எண்ணமே இங்கு எழவில்லை என்று பாடநூல்களைப் படிப்பவர் கருதக்கூடும். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. கடந்த நூற்று அறுபது ஆண்டுகளில் பலமுறை ஈடு வழங்கப்பட்டுள்ளது. ஆனால் அது கருவூலத்தின் பெயரிலும், துணியின் பெயரிலும், ஆலையின் பெயரிலும், பயிரின் பெயரிலும் வழங்கப்பட்டது. தொழிலாளியின் பெயரில் வழங்கப்பட்டது மிக அரிது. இதைத் திருவனந்தபுரம் சாலையிலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும்.

கடைத்தெருவும் நெசவுத்தெருவும்

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கம்போளம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசரால் உருவாக்கப்பட்டது. தலைநகருக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தெற்கிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் இங்கே நிலைபெற்றனர். இத்தெருவிலேயே கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன், இதன் மாந்தர்களைக் ‘கடைத்தெருக் கதைகள்’ வாயிலாகத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில், நகருக்குத் தென்கிழக்கே நாகர்கோவில் செல்லும் வழியில் மற்றொரு குடியேற்றம் நிகழ்ந்தது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், உம்மிணித் தம்பியின் முயற்சியால், அரண்மனைக்கு வேண்டிய நுண்துணி நெய்யத் தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. மன்னர் பெயரால் அவ்வூர் பாலராமபுரம் ஆயிற்று. குழித்தறியில் கையால் நாடா எறிந்து நெய்யும் முறை அங்கே வேரூன்றியது. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவது பலர் சேர்ந்து செய்யும் வேலை. தார் சுற்றுவோர் பெரும்பாலும் பெண்கள். ஒரு முண்டும் நேரியதும் தறியிலிருந்து இறங்குமுன் பல கைகளைக் கடக்கின்றன. நெசவாளர் அவர்களுள் ஒருவரே.

கடைத்தெருவுக்கும் நெசவுத்தெருவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. மலிவான அயல்துணி வந்தால் வணிகர் அதையும் வாங்கி அடுக்கலாம். இழப்பு வந்தாலும் அடுத்த கொள்முதலில் ஈடுகட்டலாம். தலைமுறைகளாகப் பயின்ற கைத்திறனை நெசவாளர் அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாது. இறக்குமதியின் முதல் ஆதாயம் சாலையிலும், இழப்பு பாலராமபுரத்திலும் விழுவதன் காரணம் இதுவே.

1865: கருவூலத்துக்கு ஈடு

லங்காஷயர் துணியின் வரவு 19ஆம் நூற்றாண்டில் இந்திய நெசவை எவ்வாறு தாக்கிற்று என்பது நன்கறிந்த செய்தி. திருவிதாங்கூரின் தனித்தன்மை, அதற்கென்று சொந்தச் சுங்க எல்லை இருந்தது என்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலியிலிருந்து வரும் சரக்கும் அன்று ‘அயல்’ சரக்கே. சவுக்கையில் தீர்வை செலுத்திய பின்னரே உள்ளே வரலாம்.

திவான் டி. மாதவ ராவின் காலத்தில், 1865இல், பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட வணிக உடன்பாடு இதை மாற்றிற்று. பிரிட்டிஷ் இந்தியச் சரக்குக்கும், அதன் துறைமுகங்களில் வரி செலுத்தி வந்த சரக்குக்கும் மீண்டும் தீர்வை விதிப்பது நின்றது. நேரே கடல்வழி வரும் வெளிநாட்டுச் சரக்குக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் வரி விகிதங்களைப் பின்பற்றவும் சமஸ்தானம் இசைந்தது.

இவ்வுடன்பாட்டில் இழப்பீட்டுப் பிரிவும் உண்டு என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. எல்லையைத் திறப்பதால் சுங்க வருவாய் குறையும் என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை. அக்குறைவை ஈடுசெய்ய ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது, வணிகத் திறப்பால் இழப்பவருக்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கை 1865இலேயே இம்மண்ணில் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் இழப்பவராகக் கருதப்பட்டது சமஸ்தானக் கருவூலம். தறியில் இருந்தவரின் இழப்பு கணக்கில் ஏறவில்லை.

1934: துணிக்கு ஈடு

அடுத்த கட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் நிகழ்ந்தது. ஜப்பானிய நூலின் போட்டியிலிருந்து உள்நாட்டு ஆலைகளைக் காக்க, 1927இல் இறக்குமதி நூலுக்குக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. நூற்பாலைக்கு அது பாதுகாப்பு. நூலை விலைக்கு வாங்கி நெய்யும் கைத்தறியாளருக்கோ மூலப்பொருள் விலையேற்றம். இம்முரண்பாடு சுங்கவரி வாரியத்தின் விசாரணைகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இறுதியில் 1934இல் மைய அரசு, இறக்குமதி நூல் வரி வருவாயின் ஒரு சிறு பகுதிக்கு ஈடான தொகையைக் கைத்தறி வளர்ச்சிக்காக ஐந்தாண்டுகளுக்கு மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்க முன்வந்தது.

இறக்குமதி வரியிலிருந்தே பாதிக்கப்பட்டோர்க்குப் பங்கு ஒதுக்கிய இத்திட்டம், அமெரிக்கச் சட்டத்துக்கு 28 ஆண்டுகள் முந்தியது. ஆனால் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, இங்கு ஈடுசெய்யப்பட்டது இறக்குமதி தந்த இழப்பு மட்டுமன்று. இறக்குமதியைத் தடுத்ததால் நேர்ந்த இழப்பும் அதில் அடங்கும். இரண்டாவது, பணம் நெசவாளர் கையில் தரப்படவில்லை. கூட்டுறவுச் சங்கம், விற்பனை நிலையம், புது வடிவங்கள் ஆகியவற்றின் வழியே சென்றது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என நாம் அறியும் அமைப்பு 1935இல் சென்னை மாகாணத்தில் தோன்றியது இச்சூழலில்தான். மாகாணங்களுக்கென வகுக்கப்பட்ட இவ்வேற்பாட்டின் கட்டமைப்புக்கு வெளியே நின்றது சமஸ்தானமான திருவிதாங்கூர்.

கூட்டுறவின் பயன் யாரைச் சென்றடைந்தது? பொருளியல் அறிஞர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அமைந்த உண்மையறியும் குழு 1942இல் அளித்த அறிக்கை, நெசவாளர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர் என்பதைப் பதிவு செய்தது. சொந்தத் தறியும் முதலும் உடையவர் சிலர்; முதலாளியிடம் நூல் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் பலர்; அவர்களுக்கும் கீழே துணைத்தொழிலாளர். சங்கத்தின் கதவு முதல் வகையினருக்கு எளிதில் திறந்தது.

விடுதலைக்குப் பின் இதே வழி விரிவடைந்தது. 1953இல் ஆலைத் துணிமீது கூடுதல் ஆயத்தீர்வை விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கும் சட்டம் வந்தது. வென்ற தொழிலிடம் பெற்றுத் தோற்ற தொழிலுக்குக் கொடுக்கும் இக்கருத்து துணிவானது. நடைமுறையில் நிதியின் கணிசமான பகுதி விற்பனைத் தள்ளுபடியாக வெளிப்பட்டது. கேரளத்தில் 1961இல் தோன்றிய ஹான்டெக்ஸின் ஓணத் தள்ளுபடி இம்மரபின் தொடர்ச்சி. தள்ளுபடியை நேரே பெறுபவர் வாங்குபவர். விற்பனை பெருகினால், பெருகிய வேலை சங்கத்தின் வழியே தன்னிடம் வந்தால், அதன் பின்னரே நெசவாளருக்குப் பயன்.

1986: ஆலைக்கு ஈடு

ஆலைத் தொழிலாளியின் வரலாறு வேறு. தொழிற்தகராறுச் சட்டத்தின் 1953ஆம் ஆண்டுத் திருத்தம், ஆட்குறைப்புக்கு ஆளாவோர்க்கு, நிறைவு செய்த ஒவ்வோராண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை உரிமையாக்கிற்று. 1986இல் வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம், நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் ஆலைகளின் தொழிலாளருக்கு முதலாண்டு ஊதியத்தில் 75 விழுக்காடும், இரண்டாமாண்டு 50 விழுக்காடும், மூன்றாமாண்டு 25 விழுக்காடும் வழங்க வகை செய்தது. அமெரிக்க முன்மாதிரிக்கு வடிவில் மிக நெருங்கி வந்த இந்தியத் திட்டம் இதுவே எனலாம். எனினும் ஆலை சட்டப்படி மூடப்பட்டிருக்க வேண்டும். தொழிலாளியின் பெயர் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். கதவடைத்தும் ‘மூடப்படாத’ ஆலையின் தொழிலாளிக்கு வழியில்லை. வீட்டுத் தறிக்கு இதில் இடமே இல்லை.

தாராளமயமாக்கலை அடுத்து 1992இல் நிறுவப்பட்ட தேசியப் புதுப்பித்தல் நிதியம், மறுபயிற்சியையும் மறுவேலையையும் தன் குறிக்கோளாக அறிவித்தது. அதன் பணம் பெரிதும் பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் திட்டங்களுக்கே சென்றது.

2001க்குப் பின்: பயிருக்கு ஈடு

2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சிய 715 பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. 2009இல் ஆசியான் உடன்பாடு கையெழுத்தானபோது, அதை எதிர்த்து இடதுசாரிகள் அக்டோபர் 2 அன்று கேரளத்தின் நீளத்துக்கும் மனிதச் சங்கிலி அமைத்தனர். மிளகு, ரப்பர், தேயிலை ஆகியவை மாநில அரசியலின் மையத்துக்கு வந்தன.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலை ஆகியவற்றின் சிறு விவசாயிகளுக்காக மைய அரசு 2003இல் விலை நிலைப்படுத்தல் நிதியம் அமைத்தது. கேரள அரசு 2015இல் ரப்பருக்குக் கிலோ 150 ரூபாய் எனக் கணக்கிட்டு, சந்தை விலைக்கும் அதற்குமான வேறுபாட்டைச் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. இரண்டிலும் பயனாளி நிலமுடையவர். விலை வீழ்ந்ததால் பால்வெட்டு நிறுத்தப்பட்டால், வெட்டும் தொழிலாளியிடம் காட்டுவதற்கு விற்பனைச் சீட்டு ஏது?

பீருமேட்டில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது இது கொடிய வடிவம் கொண்டது. அவ்வீழ்ச்சிக்கு இறக்குமதி மட்டும் காரணமன்று. ஏற்றுமதிச் சந்தைகளின் சரிவும் நிர்வாகச் சீர்கேடும் சேர்ந்தே அதை விளைவித்தன. ஆனால் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குக் காரணத்தின் பகுப்பாய்வால் என்ன பயன்? பணிக்கொடையும் நிலுவைக் கூலியும் நின்றன. அரசு இலவச அரிசியும் பண்டிகைக்கால உதவியும் அளித்தது. அவை கருணையாக வந்தன, உரிமையாக வரவில்லை.

எல்லை எங்கே?

‘இறக்குமதியால் வேலையிழந்தோர்’ என்று ஒரு வகையினரைத் தனியே பிரித்து உதவுவதே தீர்வு என்று இதனால் முடிவு செய்துவிட முடியாது. அமெரிக்காவிலேயே, வேலையிழப்புக்கு இறக்குமதிதான் காரணம் என்று மெய்ப்பிக்கும் நிபந்தனை மிகக் கடுமையாக இருந்ததால், 1969 வரை தொழிலாளர் மனு ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. 1974இல் விதி தளர்ந்தது. 2022 சூலை 1 அன்று அத்திட்டத்தின் அனுமதிக்காலம் முடிவுற்று, புதிய மனுக்களுக்குக் கதவு அடைந்தது.

பாலராமபுரத்துக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அதன் நேரியதுக்கு இன்றுள்ள பெரும்போட்டி வெளிநாட்டுத் துணியால் அன்று; மலைக்கு அப்பாலிருந்து வரும் விசைத்தறிப் போலிகளால். 1865க்கு முன் ஆரல்வாய்மொழியில் அவை இறக்குமதி எனப்பட்டிருக்கும். இன்று உள்நாட்டு வணிகம். எல்லைக்கோடு இடம் மாறியதேயன்றி நெசவாளரின் இழப்பு மாறவில்லை. காரணத்தை ஆராய்ந்து உதவும் எந்தத் திட்டமும் இவரைக் கைவிடும்.

சுமட்டுத் தொழிலாளியின் அட்டை

மாற்று வழிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, சாலைக்கே திரும்பலாம். இங்கே மூட்டை சுமப்பவருக்கு நிலையான முதலாளி இல்லை. காலையில் ஒரு கடை, மாலையில் வேறொன்று. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும் 1983ஆம் ஆண்டுத் திட்டமும் இத்தகைய தொழிலாளியை அவர் பெயரிலேயே பதிவு செய்து, அடையாள அட்டை தந்து, கூலியோடு வணிகர் செலுத்தும் கூடுதல் தொகையிலிருந்து நலன்களை வழங்கும் முறையை ஏற்படுத்தின. மூட்டைக்குள் இருப்பது உள்நாட்டுச் சரக்கா, அயல்நாட்டுச் சரக்கா என்று அட்டை கேட்பதில்லை. இம்முறைக்குக் குறைகளும் உண்டு. வேலை செய்யாமலே கேட்கப்பட்ட ‘நோக்குகூலி’ மக்களின் வெறுப்பைச் சம்பாதித்து, 2018 மே தினத்தில் தடை செய்யப்பட்டது. ஆயினும் உரிமை ஆளைத் தொடர வேண்டும் என்ற அடிப்படை பிழையற்றது.

மைய அரசின் போக்கிலும் இதன் சிறு தடங்கள் தென்படுகின்றன. ஈட்டுறுதிக் கழகத்தின்கீழ் 2018இல் தொடங்கிய அடல் திட்டம், வேலையிழந்தவரின் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டை, பின்னர் 50 விழுக்காட்டை, 90 நாள்வரை தருகிறது. இறக்குமதியா இயந்திரமா என்று ஆராய்வதில்லை. ஆனால் ஈட்டுறுதிக் கழகத்தின் காப்பீடு உடையவர்க்கே அது. கேரளக் கைத்தறித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1989 முதல் உள்ளது. அதன் உறுப்பினர் பதிவேட்டைத் தார் சுற்றுபவர், பாவு தோய்ப்பவர் ஈறாக முழுமையாக்கி, வேலையிழப்புக் கால உதவியையும் அதனோடு இணைத்தால், 1865இல் கருவூலத்துக்குக் கிடைத்த நீதி தறிக்குழிக்கும் கிடைக்கத் தொடங்கும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1865 உடன்பாட்டை வணிக வரலாறாகவும், 1934 மானியத்தைக் கூட்டுறவு வரலாறாகவும், 2015 திட்டத்தை வேளாண் பொருளியலாகவும் தனித்தனித் துறைகளில் படித்துவருகிறோம். இம்மூன்றையும் ஒரே வினாவின்கீழ் நிறுத்திப் பாருங்கள்: ஈடு பெற்றவர் பட்டியலில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை? பாலராமபுரத்தில் தார் சுற்றிய பெண்களின் வேலைநாள்களையும் கூலியையும் காட்டும் பதிவுகளைத் தேடித் தொகுப்பதிலிருந்து அவ்வாய்வைத் தொடங்கலாம்.