ஓவிய ஆசிரியர் பயிற்சி

பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் கற்பிக்கத் தகுதிச் சான்று வழங்கும் படிப்புகளும் தேர்வுகளும் ஓவிய ஆசிரியர் பயிற்சி எனப்படும். தமிழ்நாட்டு அரசாணைகளில் ஓவிய ஆசிரியர் 'சிறப்பாசிரியர்' வரிசையில் வருகிறார். உடற்கல்வி, இசை, தையல் ஆசிரியர்களும் அதே வரிசையில் இருப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியருக்கு டிராயிங் மாஸ்டர் என்று பெயர். பொதுவாக அவர் மூன்று சான்றிதழ்கள் வைத்திருக்க வேண்டும்: பள்ளியிறுதிச் சான்று, ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்று, டிடிசி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்று. கவின்கலைக் கல்லூரியில் பட்டமோ பட்டயமோ பெற்று வருகிறவர்களும் உண்டு.

வரையத் தெரிந்த எல்லோருக்கும் இவை தேவைப்படுவதில்லை. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் வரையத் தெரிந்த கைக்குப் பள்ளி மட்டுமே பிழைப்பு அல்ல. தறிக்குப் பூ வரையலாம். கோயில் திருப்பணிக்குப் போகலாம். ஆனால் தறிக்கும் திருப்பணிக்கும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பள்ளி கேட்கும். அந்தச் சான்றிதழின் கதை காஞ்சிபுரத்துக்கு வெளியே, சென்னையில் தொடங்குகிறது.

தோற்றம்

இராணுவ மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் சென்னை பிராட்வேயில் தம் சொந்தச் செலவில் ஒரு கலைப்பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டே தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். வரைதல், செதுக்கு அச்சு, மண்பாண்டம் என்று கைக்கு வேலை தரும் பாடங்களே அங்கே முதன்மை பெற்றன. பின்பு பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1855-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் 1854-லும் பம்பாயில் 1857-லும் இத்தகைய பள்ளிகள் தொடங்கப்பட்டதால், இந்தியாவின் முதல் கலைப்பள்ளி என்ற சிறப்பு சென்னைக்கே உரியது. ஹன்டர் ஓய்வறியாத மனிதர். சென்னைப் புகைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் அவரே.

ஓவியர்களை உருவாக்குவது ஹன்டரின் முதல் நோக்கம் அல்ல. உள்ளூர்க் கைவினைஞரின் ரசனையைத் திருத்தி, சந்தையில் விலைபோகும் பொருள் செய்யவைப்பதையே அவர் பெரிதாக நினைத்தார். திருத்தம் யாருக்குத் தேவைப்பட்டது என்ற கேள்வி அன்று எழவில்லை.

ஹன்டருக்குப் பின் வந்த கண்காணிப்பாளர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் 1877 முதல் பள்ளியை நடத்தினார். 1884-ல் பொறுப்பேற்ற இ.பி. ஹேவல், தென்னாட்டு நெசவு முதலிய கைத்தொழில்களின் மீது அரசின் கவனத்தைத் திருப்பினார். பிறகு கல்கத்தாவுக்குப் போய் அவனீந்திரநாத் தாகூருக்குத் துணைநின்று வங்க ஓவிய இயக்கத்துக்கு வழிவகுத்தார்.

தேர்வு முறையின் மூலம்

இன்றைய தமிழ்நாட்டு ஓவியத் தேர்வுத் தாள்களின் பெயர்களைப் படித்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் தெரியும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், ஜியோமெட்ரிக்கல் டிராயிங் ஆகியவை பிரிட்டிஷ் அரசின் அறிவியல், கலைத் துறை வகுத்த தாள்கள். 1851-ல் நடந்த லண்டன் மாபெரும் கண்காட்சியில் பிரெஞ்சுப் பொருள்களின் அழகுக்கு முன் பிரிட்டிஷ் ஆலைப் பொருள்கள் மங்கித் தெரிந்தன என்ற கவலையில், அடுத்த ஆண்டே ஹென்றி கோல் தலைமையில் அரசு இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1857-ல் அது சவுத் கென்சிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. ரிச்சர்ட் ரெட்கிரேவ் அத்துறைக்காக 23 படிகள் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தார். நேர்கோட்டில் தொடங்கி, அச்சிட்ட அலங்கார வடிவைப் பார்த்து வரைந்து, பின்னர் கனவடிவப் பொருள்களுக்குப் போய், கடைசியில்தான் சொந்தமாக ஒரு வடிவமைப்புக்கு மாணவன் வர முடியும். அவன் ஆசிரியராக வேண்டுமானால் அந்தப் படிகளைத் தேர்வெழுதித் தாண்டிச் சான்று பெறவேண்டும். பள்ளிகளுக்கான மானியமும் தேர்ச்சிக் கணக்கைப் பொறுத்தே கிடைத்தது.

அந்த முறை சென்னைக்கு வந்தது, நிலைத்தது, கீழ்நிலை, மேல்நிலை என்று இரு படிகளாகச் சுருங்கியது. மாணவர்கள் இவற்றை லோயர், ஹையர் என்பார்கள்.

ஃப்ரீஹேண்ட் தாளின் வேலை எளிதாகத் தெரியும். கை வைத்தால்தான் அதன் கடினம் புரியும். நடுவே ஓர் அச்சுக்கோடு. இடப்பக்கம் இலையும் சுருளுமாக ஓர் அலங்காரம். அதே அளவு, அதே வளைவு வலப்பக்கமும் வரவேண்டும். ஸ்கேல், காம்பஸ் தொடக்கூடாது. வலக்கையால் வரைபவருக்கு இடப்பக்கச் சுருள் இயல்பாக வரும். வலப்பக்கச் சுருளில் மணிக்கட்டு எதிர்த்திசையில் திரும்பவேண்டியிருப்பதால் கோடு தடுமாறும். மாடல் டிராயிங்கில் மேசைமேல் பானை, உருளை, கனசதுரம் அடுக்கியிருக்கும். மாணவர் ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் பானையின் உயரத்தைக் குறித்து, அதே அளவை அகலத்தோடு ஒப்பிடுவார். பானையின் வாய் வட்டம் நீள்வட்டமாகத் தெரியவேண்டும். அதன் இரு முனைகளும் கூராகிவிட்டால் மதிப்பெண் போனது.

கற்பனைக்கு இத்தாள்களில் மதிப்பெண் குறைவு. கண்ணும் கையும் ஒன்றுபடுகின்றனவா என்பதே சோதனை.

கலைக் கல்லூரியும் ஆசிரியரும்

அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னைப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவர். கைவினைப் பள்ளியாக இருந்த இடத்துக்குள் ஓவியமும் சிற்பமும் தனிக்கலைகளாக நுழைந்தது அவரால்தான். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. 1957-ல் பொறுப்பேற்ற அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். கும்பகோணத்துக் கலைப்பள்ளியும் தன் பங்குக்கு ஓவியர் கோபுலுவைத் தந்தது. இவ்விரு பள்ளிகளும் அரசு கவின்கலைக் கல்லூரிகளாக மாறி, 2013-ல் நிறுவப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

கல்லூரி தனிக்கலைப் பக்கம் சாய்ந்தபோது, பள்ளிக்கான சான்றிதழ் பழைய கென்சிங்டன் தாள்களோடு தங்கிவிட்டது. ஓவியரும் ஓவிய ஆசிரியரும் அதன்பின் இருவேறு வழிகளில் உருவானார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிளவு அவ்வளவு ஆழமாகவில்லை. இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக 1920-ல் வந்த சி.எஃப். வின்சர், பள்ளிகளில் அச்சுப்படியைப் பார்த்து வரையும் வழக்கத்தைத் தளர்த்தி, மாணவர் தாமாக வரைவதை ஊக்குவித்தார். சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ்.ஆர். கனகசபை, வின்சர் பெயரால் 1930-களின் பிற்பகுதியில் ஓர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். அதில் கூடியவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள்.

காஞ்சிபுரத்தின் பழைய பயிற்சி

சான்றிதழ் வருவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியில் வரைதல் ஒழுங்கான கல்வியாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்ற பட்டம் சூடியவன். காஞ்சிக்கு அருகில் மாமண்டூர்க் குகையில் உள்ள சிதைந்த கல்வெட்டில் 'தட்சிணசித்திரம்' என்ற பெயர் வருகிறது. அது ஓர் ஓவிய இலக்கண நூல் என்று கருதப்படுகிறது. பின்வந்த பல்லவ மன்னன் இராசசிம்மன் ஏறத்தாழ 700-ல் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், பிராகாரத்தைச் சுற்றிலும் உள்ள சிற்றாலயங்களில் ஓவியச் சிதறல்கள் இருப்பதைப் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் 1931-ல் கண்டறிந்தார். சோமாஸ்கந்தர் ஓவியம் அவற்றுள் புகழ்பெற்றது. சில இடங்களில் வண்ணம் உதிர்ந்து செங்காவிப் புறவரைக்கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது. அழித்துத் திருத்திய தடமில்லாத கோடு அது.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இன்னொரு பாடசாலை. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் பட்டை பட்டையாக வரையப்பட்டுள்ளன. டி.என். இராமச்சந்திரன் 1934-ல் வெளியிட்ட நூல் இவற்றைக் காட்சி காட்சியாக விளக்குகிறது. வரதராசப் பெருமாள் கோயிலிலும் விஜயநகரக் கால ஓவியங்கள் உண்டு.

குடும்பத்திலும் பட்டறையிலும் கைமாறிய இந்த மரபுக்கு அரசு பள்ளி அமைத்தது விடுதலைக்குப் பின். 1957-ல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். அவருக்குப்பின் மகன் கணபதி ஸ்தபதி 1988 வரை நடத்தினார். பின்னர் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்த அந்நிலையத்தில் மரபுக் கட்டடக் கலை, சிற்பத்தோடு மரபு ஓவியமும் பாடமாக உள்ளது.

தறியும் வரைபடமும்

காஞ்சிபுரத்தில் வரையும் கைக்கு நிலையான தேவை பட்டுத்தறியில்தான். முந்தியில் வரும் யானை, யாளி, அன்னப்பட்சி, பார்டரில் வரும் கோபுரம், மயில்கண், ருத்ராட்சம் எல்லாம் முதலில் தாளில் பிறக்கின்றன. டிசைனர் பென்சிலில் பூவை வரைந்து, அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மாற்றுகிறார். நிரப்பிய கட்டம் என்றால் அந்த இடத்தில் பாவு நூல் தூக்கவேண்டும். கிராஃபின் ஒரு வரிசை ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு ஒரு துளை. அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், தறி பூவை வரி வரியாக நெய்யும். ஜக்கார்டு வருவதற்குமுன் இதே கணக்கை நூலாலேயே தறியில் கட்டினார்கள். அதன் பெயர் அடை.

மயிலின் கழுத்து வளைவு இந்த இடத்தில்தான் சிக்கும். கட்டத்தில் வளைவு கிடையாது, படிக்கட்டுதான் உண்டு. எத்தனை கட்டம் பக்கவாட்டில், எத்தனை மேல்நோக்கி என்று டிசைனர் தீர்மானிப்பதைப் பொறுத்தே, கட்டியவர் உடலில் அது மயிலாகவோ கோழியாகவோ தெரியும். இப்போது கட்டம் நிரப்புவது கணினி. தீர்மானிப்பது இன்னும் வரையத் தெரிந்த கண்.

கைத்தறிக்கான நெசவாளர் சேவை மையங்கள் 1956-ல் தொடங்கின. காஞ்சிபுரத்திலும் ஒன்று இயங்குகிறது. சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர்கள் பலருக்கு இம்மையங்களே சோறுபோட்டன. கே.எம். ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் கைத்தறித் துறையில் பணியாற்றியவர்கள். சென்னைக் கல்லூரியில் துணி வடிவமைப்பும் ஒரு பட்டப்பிரிவு.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் கைத்தறி நெசவும் ஒரு பாடம் என்பது வெளியூரில் பலருக்குத் தெரியாது. நெசவு ஆசிரியர் என்ற பணியிடம் பள்ளிகளில் இருந்த காலம் உண்டு. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பாடத்தின் நடுவே வைத்தது. ஆனால் 1953-ல் இராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்ற பெயரில் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தவர்களில் முன்னின்ற சி.என். அண்ணாதுரை காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் கசப்புக்குப் பிறகு தறியைப் பள்ளிக்குள் கொண்டுவருவது அரசியலில் எளிதாக இல்லை.

பயிற்சியின் வகைகள்

அ. தொழில்நுட்பத் தேர்வு: அரசுத் தேர்வுகள் துறை நடத்துவது, கீழ்நிலை, மேல்நிலை.

ஆ. டிடிசி: கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் பயிற்சி. பாடக்குறிப்பு எழுதுவதும் கற்பிக்கும் முறையும் இதில் வரும். தேறியவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொள்வார்.

இ. கவின்கலைப் பட்டம்: நான்கு ஆண்டு. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்தியப் பள்ளிகளில் கலை ஆசிரியராக, நீண்டகாலக் கலைப் பட்டயமோ இணையான பட்டமோ தேவை.

ஈ. கலைக் கல்விப் பட்டயம்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளில் காட்சிக்கலைக்குத் தனியாக ஒரு பட்டயம் இடம்பெற்றது. மகாராஷ்டிரத்தில் இதைப்போல ஏடிடி என்ற பட்டயம் நடைமுறையில் உள்ளது.

இன்றைய நிலை

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பேருக்குமேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை விதித்தது. அதன்படி தமிழ்நாடு 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில், வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு நியமித்தது. ஊதியம் 2024-ல் 12,500 ரூபாயாக உயர்ந்தது. பணி நிரந்தரக் கோரிக்கை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. முழுநேரச் சிறப்பாசிரியர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பரில் போட்டித் தேர்வு நடத்தியது. அதில் ஓவியத்துக்கான இடங்கள் 327.