மட்டக்களப்பின் கூடைப்பந்தாட்ட ஆசான்

மட்டக்களப்பு நகரின் வடபால், வாவியை அண்டிக் கிடப்பது அமிர்தகழி. அங்கே எழுந்துள்ள மாமாங்கேசுவரர் ஆலயத்தையும் அதன் தீர்த்தத்தையும் அறியாதார் கிழக்கிலங்கையில் இலர். ஆடி அமாவாசையன்று நீத்தார் கடன் கழிக்கப் பெருந்திரளான மக்கள் அத்தீர்த்தத்தில் மூழ்கி எழுவர். மறைந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெயர் சொல்லி நினைத்தல் வேண்டும் என்பது இந்நாட்டார் கொள்கை. அத்தகைய ஓர் ஆடி மாதத்தின் முடிவில், 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், மட்டக்களப்பு ஒரு மனிதரை இழந்தது. அவருக்குச் சமாதியும் இல்லை. இறந்த நாள் இதுவெனத் துணிந்து கூறுவாரும் இல்லை. துறவால் அவர் இயேசு சபைக் குருவானவர்; ஊரார் நினைவிலோ கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர். யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளாரே அவர்.

அவருடைய பணியை விளங்கிக்கொள்ள, அவர் பயிற்றிய ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. பழமையான விளையாட்டுக்கள் பலவும் யார் தொடங்கினார் என்று தெரியாதபடி மக்களிடையே முளைத்து வளர்ந்தவை. கூடைப்பந்தாட்டமோ ஓர் ஆசிரியர் அமர்ந்து எண்ணி அமைத்த ஆட்டம். கனடாவிற் பிறந்து இறையியல் கற்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத இளைஞர்களுக்கு, கூரையின் கீழ் முட்டி மோதாமல் ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். விதிகள் பதின்மூன்றை எழுதினார். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்பது அவற்றுள் தலையாயது. ஓட முடியாதவன் என் செய்வான்? தோழனுக்குக் கொடுத்தே தீர வேண்டும். இந்த ஆட்டத்தின் உயிர்நிலை அக்கொடையிலேயே இருக்கிறது.

நேயர்கள் கேட்டு வியக்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தில், ஆட்டம் இடைநிறுத்தப்பட்ட வேளையிலும் பயிற்றுநர் தம் வீரர்களோடு பேசலாகாது என்ற தடை நெடுங்காலம் நிலவியது. 1948ஆம் ஆண்டளவிலேதான் அது நீங்கிற்று. சொல்லவேண்டியவற்றை எல்லாம் அவர் முன்னரே சொல்லி முடித்திருத்தல் வேண்டும். போட்டி தொடங்கிய பின் ஓரத்தில் அமர்ந்து பார்த்திருப்பதே அவர் பங்கு. தாம் இல்லாத இடத்திலும் தம் மாணாக்கர் தாமாக நிற்கும்படி செய்தலே பயிற்றுநரின் தொழில் என்னும் உண்மை இவ்விதியில் அடங்கியிருந்தது.

ஹேபியர் அடிகளார் இளமையில் அறிந்த ஆட்டம் இதுவே. அவர் 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள், அமெரிக்காவின் தென்பாலுள்ள லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1941இல், பதினேழு வயதில், இயேசு சபையிற் சேர்ந்தார். திருகோணமலை மறைமாவட்டத்தில் அதுவரை பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினரே பெரும்பாலும் தொண்டாற்றி வந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்கத் துறவியர் அப்பணியை ஏற்றனர். அவர்களுள் ஒருவராக ஹேபியர் 1948இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை சுதந்திரம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. அதே கூட்டத்தினருள் ஒருவரான வெபர் அடிகளாரும் விளையாட்டுத் துறையில் மட்டக்களப்புக்கு ஆற்றிய தொண்டு பெரிது. நகரிலுள்ள வெபர் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவர்கள் வந்து சேர்ந்த மட்டக்களப்பு விளையாட்டறியாத நாடன்று. கண்ணகி வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறி என்னும் விளையாட்டில், ஊரார் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரிவர். வளைந்த கொம்புகளைப் பிணைத்துக் கயிறு கட்டி, ஒன்று முறியுமளவும் இழுப்பர். கட்சி கட்டி மோதவும், மோதல் முடிந்தபின் ஓரூராராகக் கூடி வாழவும் இம்மக்கள் பன்னெடுங் காலமாகப் பழகியவர்கள். ஐவருக்கு ஐவர் எதிர்நின்று ஆடும் புதிய ஆட்டம் அவர்களுக்கு முற்றும் அந்நியமாகத் தோன்றியிராது.

இடமும் அதற்கு இசைந்தது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி அமைந்திருப்பது புளியந்தீவில். நாற்புறமும் வாவி சூழ்ந்த அச்சிறு தீவிலே கோட்டை, கடைத்தெரு, கோயில்கள், பாடசாலைகள் யாவும் நெருங்கியுள்ளன. கிரிக்கெட்டுக்குப் பரந்த வெளி வேண்டும். கூடைப்பந்தாட்டத்துக்கோ 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை போதும். ஒரு பந்தைக்கொண்டு பத்துப் பேர் ஆடலாம். நிலம் சுருங்கிய நகரத்துக் கல்லூரிக்கு இதனினும் ஏற்ற ஆட்டம் அரிது.

மிக்கேல் கல்லூரியிலும், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஹேபியர் அடிகளார் கற்பித்தார். இரண்டிடத்தும் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். தலைநகருக்கு நெடுந்தொலைவிலுள்ள கிழக்கு மாகாணக் கல்லூரிகள் இந்த ஆட்டத்தில் நாடறியப் பெயர் பெற்றமைக்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். பயிற்சி என்பது என்ன? ஒரு காலை ஊன்றி மறுகாலாற் சுழலுதல், நெஞ்சின் நேரே பந்தைத் தள்ளுதல், தண்ட எறிதலின்போது மூச்சடக்கி நிற்றல் ஆகிய சிறு செயல்களைச் சலியாது திரும்பத் திரும்பச் செய்வித்தலே அது. காண்போர் கைதட்டுவது வளையத்துள் விழும் பந்துக்கு. பயிற்றுநர் நோக்குவதோ, அதற்கு முன் பந்தைக் கொடுத்தவன் கை எத்திசையில் நின்றது என்பதை.

அவர் காலத்திலே கல்வியுலகம் மாறியது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகள் பல அரசின் வசமாயின. குருமாரின் பணி பாடசாலைச் சுவருக்கு அப்பாலும் விரிந்தது. பிற்காலத்தில் ஹேபியர் அடிகளார் மட்டக்களப்பிலிருந்த கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராக விளங்கினார். இளைஞருக்குக் கைத்தொழில் பயிற்றுவது அதன் நோக்கம். பந்தெறியக் கற்பித்தவர் பிழைக்கும் வழியைக் கற்பிக்க முற்பட்டார். செயல் வேறாயினும் நோக்கம் ஒன்றே. தாம் உடன் இல்லாத நாளிலும் மாணவன் தன் காலில் நிற்றல் வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கில் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர் முஸ்லிம் மக்கள் நள்ளிரவில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 9ஆம் நாள் நகரை அடுத்த சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், குழந்தைகள் உட்பட, கொன்று குவிக்கப்பட்டனர். அயலவர் அயலவரைக் கண்டு அஞ்சிய காலம் அது. சமாதானக் குழுவில் அங்கம் வகித்த ஹேபியர் அடிகளார், இடர்ப்பட்டோரை நாடிச் செல்வதை அப்போதும் கைவிட்டாரில்லை.

ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனைக்குச் சென்றிருந்த அடிகளார் அன்று மட்டக்களப்பை நோக்கித் தமது ஸ்கூட்டரிற் புறப்பட்டார். பேட்ரம் பிரான்சிஸ் என்னும் தமிழ் இளைஞரும் உடன் வந்தார். வழி ஏறாவூரை ஊடறுத்து வருவது. தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அவ்விருவரும் ஊர் வந்து சேரவில்லை. அடிகளாருக்கு அப்போது வயது அறுபத்தாறு. இந்நாட்டில் அவர் கழித்தவை ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஆண்டுகள். பிறந்த நாட்டில் வாழ்ந்த காலத்தினும் அது மிகுதி.

காணாமற்போதல் என்பது மரணத்தினும் கொடிது. மரணத்துக்குச் சடங்குண்டு, அழுது தீர்க்க ஒரு நாளுண்டு. காணாமற்போனவர் வீட்டிலோ வாயிற்கதவு தாழிடப்படுவதில்லை. கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் அவ்வாறு காத்திருக்கும் தாய்மார் எண்ணற்றோர். காணாமற்போனோர் பற்றி ஆராய ஓர் அலுவலகம் அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது. அவ்வலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. எனினும் வெளிநாட்டுக் குருவானவர் ஒருவரின் பெயரை உலகம் நினைக்கும் அளவிற்கு, அவர் பின்னிருந்து சென்ற உள்ளூர் இளைஞரின் பெயரை நினைப்பதில்லை. தம் வீரர் ஐவரையும் ஒருநிகராக மதிக்கும் பயிற்றுநர் எவரும் இதனை ஒப்பார். ஆதலின் அவரைக் கூறுமிடத்து இவரையும் கூறுதல் முறை.

பயிற்றுநரின் பெயர் புள்ளிப் பலகையில் எழுதப்படுவதில்லை. அவருடைய வெற்றி பிறர் கைகளில் தங்கிவிடுகிறது. மிக்கேலிலும் சூசையப்பரிலும் அவரிடம் பந்தெறியக் கற்றவர்கள் தம் இளையோருக்கு அதனைக் கற்பித்தனர். அவ்விளையோர் தமக்குப் பின் வந்தோருக்குக் கற்பித்தனர். அவர் முகத்தையே கண்டிராத ஒரு சிறுவன் இன்று புளியந்தீவில் ஒரு காலை ஊன்றிச் சுழன்று, தானே எறியாமல், தன்னினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுப்பானாயின், ஹேபியர் அடிகளாரின் பாடம் அங்கே தொடர்கிறது. ஓரத்தில் இருந்த இருக்கை வெறிதாயிற்று, ஆட்டம் நின்றுவிடவில்லை.