குரங்கணித் தீ கற்பித்த பாடம்

ஆரணியை அடுத்த சேவூர்ப் பக்கத்து மக்களுக்கு ஜவ்வாது மலையும் பர்வதமலையும் அதிகத் தொலைவில் இல்லை. விடுமுறை நாளில் மலை ஏறுவோர் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்து ஒரு குழுவும் கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக் கொண்டிருந்தன. காய்ந்த புல்லில் தீ பிடித்தது. தீயின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. ஆயினும் 23 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று வனத்துறை தெரிவித்தது.

அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024-இல் 40 பாதைகளுடன் அரசே மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காட்டுத் தீ அபாயம் கருதி 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகவே அனுமதி என்பது வெறும் காகிதம் அல்ல. யார், எந்த வழியில், எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தால்தான் தேட முடியும். அனுமதித்த பாதையை விட்டு விலகாமலும், காட்டுக்குள் நெருப்பு மூட்டாமலும் நடப்பவரே தம்மையும் காத்து, மலையையும் காக்கிறார்.